எந்தக் கை

சமாதானபுரம் ஆஸ்பத்திரியில்
மாடிப்படிக்கு அடியில் எனக்கு ஒரு மேசை.
சிவப்பு நாடா கட்டிய பதினோராயிரம் கோப்புகள்.
அக்டோபர் ஒன்றாம் தேதிக்குள்
பழைய நோய் எண்களெல்லாம் புது எண்களாக வேண்டும்,
இல்லையென்றால் காப்பீட்டுக் கம்பெனி
பில்லைத் திருப்பி அனுப்பிவிடும்.

மென்பொருள் ஏற்ற மதுரையிலிருந்து வந்த தம்பி
"பொத்தானைத் தட்டுங்க மேடம், தானா மாறிடும்" என்றான்.
இரண்டு பரோட்டா தின்றான்.
சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

சர்க்கரை தானாகத்தான் மாறியது.
இருநூற்று ஐம்பது, புள்ளி, இரண்டு சுழி:
அது ஈ பதினொன்று புள்ளி ஒன்பது.
யாருக்கும் ஒரு சங்கடமில்லை.

திசையன்விளைப் பனையேறி ஒருவர்
பழைய பட்டியலில்
"ஒரு மட்டத்திலிருந்து மற்றொரு மட்டத்துக்கு"
விழுந்திருந்தார்.
புதியதில் மரத்துக்கென்று தனி எண் உண்டு.
பனையா முருங்கையா என்று கேட்கவில்லை.

வாத்து கொத்தினால் ஓர் எண்.
விண்கலத்தில் அடிபட்டால் ஓர் எண்.
நல்ல பாம்புக்கு உண்டு;
களக்காட்டு வாழைத்தோப்புக் கட்டுவிரியன்
"ஆசியாவின் மற்ற பாம்பு".
முப்பது வருசம் பீடித்தூளை இழுத்த
மேலப்பாளையம் மைதீன் பீவியின் இருமல்
"பிற தூசிகள்".
மற்றவை, பிற, குறிப்பிடப்படாதவை.
எங்கள் ஜில்லாவில் பாதிப்பேர்
அந்த வளவில்தான் குடியிருக்கிறார்கள்.

எண்ணூற்றுப் பதின்மூன்று புள்ளி நாற்பத்தொன்றில்
திரை சிவந்து நின்றது.
மணிக்கட்டு முறிவு.
பழைய எண்ணுக்கு இடமும் தெரியாது வலமும் தெரியாது.
புதியது கேட்கிறது: எந்தக் கை?

வெயிலுகந்தாள், வயது முப்பத்தெட்டு, முக்கூடல்.
அடுத்த மாதம் தகடு எடுக்க வர வேண்டும்.
எக்ஸ்ரே போன மழையில் உறையோடு ஒட்டிப்போயிருந்தது.
டாக்டர் கையெழுத்தில் ஒரே வரி:
குளியலறையில் வழுக்கி விழுந்தார்.
டாக்டர் இப்போது கனடாவில்.

போன் போட்டேன்.
"எந்தக் கைம்மா?"
முறத்தில் கத்திரி விழுகிற சத்தம்.
"எல கத்தரிக்கிற கைதான்."
"வலதா?"
"எனக்கு எடது. பொறந்ததுலருந்தே எடங்கை."
அதோடு வைத்திருக்கலாம்.
படிவத்தில் அடுத்த கட்டம் காலியாக இருந்ததால் கேட்டேன்,
"குளியலறையிலதானே?"

ஏதோ பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.
"எங்க வீட்டுல குளியலறை ஏதும்மா?
ஆத்துலதான குளிக்கோம்."
பிறகு தணிந்து,
"டாக்டரு கேக்கையில அவ்வொ பக்கத்துல நின்னாவ."
"இப்ப?"
"இங்கனதான் இருக்காவ."
உடனே குரலை ஏற்றி,
"சரிம்மா, எடது கைன்னே எழுதிக்கிடுங்க."

தேடிப் பார்த்தேன்.
இருக்கிறது.
வாத்து, விண்கலம் எல்லாம் தாண்டி
அடித்தவன் கணவன் என்பதற்கும் ஓர் எண்.
ஆனால் டாக்டர் எழுதாததை நான் எழுதக்கூடாது.
பயிற்சியில் முதல் நாளே சொன்னது:
எழுதாதது நடக்கவில்லை.

இடது என்று அழுத்தினேன்.
ஏழாவது எழுத்து மிச்சம்.
முதல் வருகைக்கு ஏ, மறு வருகைக்கு டி,
ஆறிய பின்னும் விடாமல் தொடர்வதற்கு எஸ்.
விதிப்படி டி.
விரல் எஸ் மேல் கொஞ்ச நேரம் கிடந்தது.

விழுந்த இடம் என்ற கட்டத்தில்
குளியலறையை அழித்துவிட்டு
"குறிப்பிடப்படவில்லை" என்று மாற்றினேன்.
என்னால் ஆனது அவ்வளவுதான்.
திரை பச்சையானது. பில் போகும்.

மறுபடி போன் போட்டேன்.
ஆண் குரல் எடுத்தது.
"ஆஸ்பத்திரியிலருந்து.
தகடு எடுக்க வாறப்ப
பொம்பளையாள் மட்டும் வந்தாப் போதும்.
புது ரூல்."

அப்படி ஒரு ரூல் எந்தப் பட்டியலிலும் இல்லை.